நமது ஏடும் அவர்களது பூட்டும்

திருகோணமலைத் துறைமுகத்தின் சரித்திரம், வாயிற்சாவி எவர் கையில் இருந்தது என்பதன் சரித்திரமேயாகும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக இக்குடாவிற்குள் நுழைந்த அனைவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே: எந்தக் கலம் உள்ளே வரலாம், எந்தக் கலம் வெளியே போகலாம் என்பதைத் தாமே தீர்மானிக்கும் அதிகாரம். 1948இல் நாடு சுதந்திரம் பெற்றதாகப் பறைசாற்றப்பட்ட பின்னரும், முந்திய ஆண்டிற் செய்துகொள்ளப்பட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின் பேரால் பிரித்தானியக் கடற்படை இங்கேயே நங்கூரமிட்டிருந்தது. 1957இலேதான் அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளின் கதையோ அதன் பின்னரும் முடியவில்லை. 1987 ஜூலையின் இந்திய – இலங்கை உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களில் அவை இடம்பெற்றன. 2003இல் அவை பற்றி ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அது குறித்த பிணக்கு ஓயாது நீண்டு, 2022 ஜனவரியிற் புதிய ஒப்பந்தங்கள் கைச்சாத்தான பின்பே 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் என்று பங்கிடப்பட்டன. கொடுப்பது ஒரு கையொப்பத்தின் வேலை. திரும்பப் பெறுவது தலைமுறைகளின் வேலை. இதுவே இக்குடா நமக்குப் புகட்டிய பாடம்.

இப்பாடத்தை அனுபவித்துக் கற்ற மக்கள், இன்று அதே தவற்றை வேறோர் உருவத்தில், மிகுந்த உற்சாகத்தோடு செய்துகொண்டிருக்கின்றனர். இம்முறை கையளிக்கப்படுவது துறைமுகமன்று, நமது ஏடு. கணக்கேடு, உறுப்பினர் பதிவேடு, மாணவர் புள்ளிப் பதிவு, நோயாளர் குறிப்பு, கடன் வரலாறு ஆகிய யாவும் எவருடையதோ ஒரு கணினிக்குள், நாம் காணாத நாடொன்றில், நமக்குத் திறக்கத் தெரியாத பெட்டியொன்றில் நாள்தோறும் இறக்கப்படுகின்றன. போர்க்கப்பல் எதுவும் வரவில்லை, பீரங்கி முழங்கவில்லை. “முதல் மூன்று மாதம் இலவசம்” என்ற ஒரு வரி விளம்பரமே போதுமாயிற்று.

இதனை ஒரு தொழில்நுட்ப விடயமாக எண்ணி, “கணினி படித்த பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்” என்று ஒதுக்குவோர் நம்முட் பலர். அவர்களுக்கே இக்கட்டுரை. இது உடைமை பற்றிய விடயம். உழைப்புப் பற்றிய விடயம். ஆகவே அரசியல் விடயம்.

* * *

விடயத்தை விளங்கிக்கொள்வதற்கு ஒரு சங்கத்தைக் கற்பனை செய்வோம். கொட்டியாரக்குடாவின் கரையில் நூற்றைம்பது உறுப்பினரைக் கொண்ட ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம். அதன் காரியதரிசி ஒருவர், எழுதுவினைஞர் ஒருவர். முன்னர் அவர்களிடம் தடித்த அட்டையிட்ட பேரேடு ஒன்று இருந்தது. எவர் எவ்வளவு வலை வாங்கினார், எவர் எந்திரக் கடனில் எத்தனை தவணை கட்டினார், எந்தப் பெண்ணின் சேமிப்பில் எவ்வளவு சேர்ந்தது என்பன அதில் இருந்தன. கறையான் அரிக்கும், மழை நனைக்கும் என்ற அச்சம் இருந்தது மெய்தான். ஆனால் அலுமாரியின் திறப்பு காரியதரிசியின் இடுப்பில் இருந்தது.

இப்பொழுது அந்தப் பேரேடு இணையச் செயலி ஒன்றிற்குள் போய்விட்டது. இணையச் செயலி என்பது யாது? நிரல் நமது கணினியில் இல்லை. அது கம்பனியின் சேவையகத்தில் ஓடுகின்றது. நாம் பதியும் ஒவ்வொரு தொகையும் அங்குள்ள தரவுத்தளத்தில், பல அட்டவணைகளாகப் பிரித்து அடுக்கப்படுகின்றது. உறுப்பினர் பெயர் ஓர் அட்டவணையில், கடன் வேறோர் அட்டவணையில், தவணைகள் மூன்றாவதில். இவற்றை இன்னாரது கடன், இன்ன கடனின் தவணை என்று இணைத்து வைப்பவை இலக்கங்கள். நமது திரையில் தோன்றுவது அவ்வட்டவணைகளிலிருந்து பொறுக்கி எடுத்துக் காட்டப்படும் ஒரு தோற்றம் மட்டுமே. காட்சிச் சாளரத்திற் பொருளைப் பார்க்கிறோம். களஞ்சியத்திற்குள் நமக்கு இடமில்லை.

உள்ளே இருக்கும்வரை எல்லாம் செவ்வனே நடக்கும். கூட்டல் தவறாது, ஐந்தொகை ஒரு நொடியில் வரும். ஆண்டுகள் கடந்து சந்தாவை இருமடங்காக்கினார்கள் என்றோ, கம்பனி கைமாறியது என்றோ, இதைவிட நல்லதொன்று கிடைத்தது என்றோ சங்கம் வெளியேற முனையும்போதுதான் பூட்டின் கனம் தெரியும்.

அப்பூட்டு ஒருவகைப்பட்டதன்று. சில செயலிகளில் தரவை வெளியே எடுப்பதற்கு வழியே வைக்கப்படுவதில்லை. சிலவற்றில் ஓர் ஏற்றுமதிப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் கடைசி நூறு வரிகள் மாத்திரம் வரும். சில, அச்சிட்ட பக்கத்தின் படம் போன்ற கோப்பைத் தந்து, “உங்கள் தரவு இதோ” என்று கைகழுவும்; அந்தப் படத்திலுள்ள எண்களை வேறொரு கணக்கிற் சேர்ப்பதற்கு மீண்டும் ஒருவர் முதலிலிருந்து தட்டச்சுச் செய்ய வேண்டும். வேறு சில, பெயரைத் தரும், தொகையைத் தரும், இரண்டையும் இணைக்கும் இலக்கத்தைத் தராது. கடன் ஒரு தாளிலும் கடனாளி வேறொரு தாளிலுமாகக் கிடப்பர். இணைத்து வைத்த பற்றுச்சீட்டுப் படங்கள், எவர் எந்நாளில் எதைத் திருத்தினார் என்ற சுவடு ஆகியன பெரும்பாலும் வெளியே வருவதேயில்லை. கணக்காய்வாளர் முதலிற் கேட்பது அதைத்தான்.

இவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. சந்தா நின்ற மறுகணமே வாயில் அடைபடும். நேற்றுவரை சங்கத்தின் உடைமையாக இருந்த பதிவேட்டை இன்று சங்கமே பார்க்க முடியாது. பணத்தைக் கட்டினாற் பார்க்கலாம். அதாவது, எதிலிருந்து விடுபட விரும்புகிறோமோ அதற்கே மீண்டும் திறை செலுத்தித்தான் விடுபட வேண்டும். அக்கரைக்குக் கூலியின்றி ஏற்றிச் சென்று, இக்கரைக்குத் திரும்பிவர நினைத்த விலை கேட்கும் தோணிக்காரனை மூதூர்த் துறையில் எவரும் பொறுத்திருக்க மாட்டார்கள். கணினியில் மட்டும் அதை நாகரிகம் என்று ஏற்றுக்கொள்கிறோம்.

உள்ளூர்த் தரகர்களின் கைவரிசையையும் இங்கே மறைப்பதற்கில்லை. சங்கத்தின் இணையப் பெயரைத் தமது பெயரிற் பதிந்துகொள்வதும், முதன்மைக் கணக்கைத் தமது சொந்த மின்னஞ்சலில் திறந்துவைப்பதும், பின்னர் பிணக்கு வந்தபோது கடவுச்சொல்லைப் பணயமாக்குவதும் நாம் கேள்விப்படாதனவல்ல. பெருங்கம்பனி செய்வதைச் சிறு தரகனும் தன் அளவில் செய்கிறான். முறைமை ஒன்றே, அளவுதான் வேறு.

* * *

இனி அடிப்படை வினாவுக்கு வருவோம். அந்தத் தரவு எவருடையது?

கம்பனி கூறும் விடை தெரிந்ததே: “செயலியை ஆக்க முதலிட்டவர் நாங்கள், இரவு பகலாகப் பொறியியலாளர் உழைத்தனர், எங்கள் ஆக்கத்திற்கு உரிமை உண்டு.” உண்டு என்பதை எவர் மறுத்தார்? நிரலுக்கு உரிய பதிப்புரிமையை இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் காக்கின்றது. நாம் நிரலைக் கேட்கவில்லை. ஏழு ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் மீன் நிறுவை முடிந்த பின், மங்கிய விளக்கொளியில் அமர்ந்து, வரி வரியாகத் தொகைகளைப் பதிந்த எழுதுவினைஞரின் உழைப்பையே கேட்கிறோம். அத்தொகைகளுக்குப் பின்னால் இருப்பது கடலில் இரவைக் கழித்தவனின் உழைப்பு. கம்பனி தந்தது தறி. நூலும் நம்முடையது, நெய்த கையும் நம்முடையது. தறிக்கு வாடகை கேட்பது நியாயம்; துணியைத் தர மறுப்பது கொள்ளை.

உழைப்பின் விளைவு உழைத்தவனிடமிருந்து பிரிக்கப்பட்டு, அவனுக்கு எதிரே அந்நியப் பொருளாக நின்று அவனையே ஆள்வதை மார்க்ஸ் விளக்கியபோது, அவர் கண்முன் இருந்தவை பஞ்சாலைகளும் சுரங்கங்களும். ஆயினும், தான் தட்டிய எழுத்துகளைத் தானே காண்பதற்கு அனுமதி கேட்டு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்கும் எழுதுவினைஞரைவிட இவ்வுண்மைக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறெங்கே கிடைக்கும்?

ஏடு பறிபோவதென்றால் என்னவென்று இம்மாவட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990இல் ஊர்களை விட்டோடியவர்களும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் வீட்டோடு யாவற்றையும் இழந்தவர்களும், 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் முகாம்களிற் கிடந்தவர்களும் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களைக் கேட்டால் சொல்வர்: கூரை போனால் மீண்டும் வேயலாம், காணி உறுதி போனால் காணியே போய்விடும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை வாயிலில் தடை. அடையாள அட்டை இல்லாதவனுக்குச் சோதனைச் சாவடியிலே தடை. ஏழையின் உரிமை யாவும் ஏதோ ஒரு தாளில்தான் தங்கியிருக்கின்றது. செல்வனுக்கு ஏடு தொலைந்தால் வழக்கறிஞர் இருக்கிறார். தவணையெல்லாம் கட்டி முடித்த மீனவப் பெண், கட்டியதற்கான பதிவு இல்லாத நாளில் மீண்டும் கடனாளியாகிறாள். இதனால்தான் தரவு பற்றிய கேள்வியை வசதிபடைத்தோரின் விளையாட்டுப் பிரச்சினையாக நாம் கருதுவதற்கில்லை.

* * *

தமிழருக்கு இது புதிய பிரச்சினையுமன்று. ஓலைச்சுவடிக் காலத்தில் நூல்கள் வாழ்ந்தது எவ்வாறு? ஒருவர் ஏட்டை மற்றொருவர் வாங்கிப் பெயர்த்தெழுதியதாலேயே வாழ்ந்தன. பெயர்த்தெழுதுவதற்கு ஓலையும் எழுத்தாணியும் படித்த கண்ணும் போதுமாயிருந்தன; ஏட்டை ஆக்கியவனிடம் சந்தா கட்ட வேண்டியிருக்கவில்லை. அக்காலத்தைப் பொற்காலமென்று நாம் போற்ற வரவில்லை. சாதியின் பேராலும் மடத்தின் பேராலும் ஏட்டைப் பூட்டி வைத்து, கறையானுக்குக் கொடுத்தாலும் கொடுப்போம், கற்க விரும்புவோனுக்குக் கொடோம் என்று இருந்தவர்கள் எத்தனையோ பேர். அப்பூட்டுகளை உடைத்ததே சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோரின் பதிப்புப் பணி. ஊர் ஊராக அலைந்து, ஏட்டுக்காரரிடம் கெஞ்சிப் பெற்று, படி எடுத்து, ஒப்புநோக்கி, அச்சேற்றினர். மூடிய பெட்டியிலிருந்து தரவை வெளிக்கொணர்ந்த பணியன்றி அது வேறென்ன? திருகோணமலையும் இம்மரபுக்கு அந்நியமன்று. இங்குப் பிறந்து தமிழகத்திற் பணிபுரிந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளையும், 1895இல் ‘மோகனாங்கி’ நாவலை வெளியிட்ட அவர் தமையனார் அல்லது தம்பியார் என்ற உறவு வரிசைக்கு அப்பால் நாம் நினைவுகூர வேண்டிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் அச்சு யுகத்தின் பயனைத் தமிழுக்குச் சேர்த்த சகோதரர்கள்.

கணினி யுகத்தில் நாம் கண்ட முதற் பூட்டு எழுத்துருவாகும். ஈழத்து அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் கோலோச்சியது பாமினி. அதில் தட்டிய கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடம் வகுத்தபோதிலும், அது நம் மேசைகளுக்கு வந்துசேரப் பல்லாண்டுகள் சென்றன. அதற்கிடையிற் குவிந்த பழைய கோப்புகளை ஆர்வலர்கள் எழுதிய மாற்றிகள் மீட்டன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன் நூல்களைப் பழைய குறியீட்டிலிருந்து ஒருங்குறிக்குப் பெயர்த்துக்கொண்டது. அது எவ்வாறு இயன்றது? கோப்பு நம் கையில் இருந்ததால் இயன்றது. அன்று பூட்டு அந்நியமாயினும் பெட்டி நம் வீட்டிலிருந்தது; பொறுமையோடு திறக்கலாம். இன்றோ பெட்டியே நம் வீட்டில் இல்லை. இவ்வேறுபாட்டை மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

பெட்டி பிறர் வீட்டிலிருந்தால் நிகழ்வது யாது? ஜியோசிற்றீஸ் என்னும் இலவச இணையதளக் குடியிருப்பை யாஹூ 2009 ஒக்டோபரில் மூடியது. அதே யாஹூ, தன் குழுமங்களில் சேர்ந்த பழைய மடல்களை அழிக்கப்போவதாக 2019இல் அறிவித்து, 2020 டிசம்பரில் அச்சேவையையே ஒழித்தது. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய தமிழ்க் குழுக்கள் ஒரு காலத்தில் உரையாடிய இடம் அது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் மறைந்தது. கணக்கற்ற படங்களை இலவசமாக வைத்துக்கொள்ளலாமென்று அழைத்த கூகிள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் அச்சலுகையை நிறுத்தியது. மக்கள் தம் பிள்ளைகளின் படங்களையெல்லாம் ஏற்றி முடித்த பின்னர் நிறுத்தியது. கோடீசுவரக் கம்பனிகளின் நடத்தை இதுவானால், நாளை இருக்குமோ இராதோ என்ற சிறு கம்பனிகளிடம் என்ன உறுதியை எதிர்பார்க்கலாம்?

“அப்படியானால் அரசாங்கத்திடம் வைப்போம்” என்பர் சிலர். 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் கோப்புகள் இலங்கை அரச மேகக்கணியிலிருந்து அழிந்துபோன விவகாரம் வெளிவந்து, நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஓகஸ்ட் இறுதியில் அதே அரச மேகக்கணி கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று; அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயொழிந்தன. அக்காலத்திற்குரிய படி வேறெங்கும் வைக்கப்பட்டிருக்கவில்லை. எனவே பெட்டியின்மேல் அரச இலச்சினை இருப்பதால் மட்டும் ஏடு பத்திரமாகாது. ஏட்டுக்குரியவன் கையில் முழுமையான படி ஒன்று இருப்பதே பத்திரம்.

* * *

எதிர்த்தரப்பினர் வாதங்களை நேர்மையோடு ஆராய்வோம்.

முதலாவது: “சிறு சங்கங்களாற் சேவையகம் நடத்த முடியுமா? செயலி மலிவு, பாதுகாப்பு.” ஒப்புக்கொள்கிறோம். எல்லோரும் வாடகைச் செயலிகளைத் துறந்து மீண்டும் பேரேட்டுக்குப் போக வேண்டுமென்று நாம் கூறவில்லை. வாடகை வீட்டிற் குடியிருக்கலாம். வெளியேறும்போது நம் பெட்டி படுக்கையை எடுத்துச்செல்லும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது: “வெளியேறும் வழியை எளிதாக்கினால் வாடிக்கையாளர் போய்விடுவார், கம்பனி நட்டமடையும்.” இது வாதமன்று, ஒப்புதல் வாக்குமூலம். தன் சேவையின் தரத்தால் அன்றி, வாசலை அடைத்து வைப்பதால் மட்டுமே வாடிக்கையாளரைத் தக்கவைக்கிறேன் என்று வணிகன் கூறுவானாயின், அவன் பெறுவது வியாபார இலாபமன்று, கப்பம்.

மூன்றாவது வாதமே பொருட்படுத்தத் தக்கது: “தரவிலே பிறரது அந்தரங்கமும் அடங்கியிருக்கிறது. கேட்டவரிடமெல்லாம் அள்ளிக் கொடுக்கலாமா?” கூடாது. சங்க உறுப்பினரின் கடனும், மாணவியின் மருத்துவக் குறிப்பும் தெருவில் எறியப்படுவனவல்ல. ஆனால் அவற்றை உரிய சங்கத்திற்கு, உரிய பாடசாலைக்குத் திருப்பிக் கொடுப்பதை அந்தரங்கத்தின் பேரால் மறுப்பது விந்தை. அந்தரங்கத்திற்குப் பாதுகாவலர் என்போர், வாடிக்கையாளர் போன பின்னர் தம்மிடம் எஞ்சிய படியை அழித்தோமென்று எழுதித் தரத் தயாரா? அங்கேதான் அவர்களது அந்தரங்கப் பற்று அளக்கப்படும்.

சட்டத்தின் நிலையையும் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 20ஆம் உறுப்புரை, தனிமனிதன் தன் தரவைக் கணினி வாசிக்கத்தக்க வடிவிற் பெற்று வேறிடத்திற்குக் கொண்டுசெல்லும் உரிமையை வழங்குகின்றது. 2025 செப்டெம்பர் 12இல் நடைமுறைக்கு வந்த அவர்களது தரவுச் சட்டம், மேகக்கணிச் சேவையை மாற்றிக்கொள்ளும் வாடிக்கையாளருக்குத் தடை போடுவதை ஒடுக்குகின்றது. 2027 ஜனவரி 12க்குப் பின் அம்மாற்றத்திற்குக் கட்டணம் அறவிடலாகாது என்கின்றது. முதலாளித்துவ ஐரோப்பாவே தன் சந்தை நின்றுபோகாதிருக்க இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இங்கோ 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கக் கோரவும் உரிமை தந்தது. எடுத்துச்செல்லும் உரிமையைத் தனியுரிமையாக வகுக்கவில்லை. இந்தியாவிலும் 2019இன் மசோதாவில் இருந்த அவ்வுரிமை 2023இன் சட்டத்தில் இடம்பெறவில்லை. மேலும், இச்சட்டங்கள் காப்பது தனிமனிதனின் தரவை. சங்கத்தின் பேரேடு, தொழிற்சங்கத்தின் சந்தாப் பதிவு, நூல்நிலையத்தின் நூற்பட்டியல் என்பன கூட்டுடைமை. கூட்டாக உழைத்துச் சேர்த்த ஏட்டுக்கு உள்ள காப்பு ஒப்பந்தம் ஒன்றே. அந்த ஒப்பந்தத்தை எழுதுபவரோ கம்பனியார். வாசியாது ‘சம்மதம்’ என்று அழுத்துபவர் நாம்.

* * *

இங்கே கணினித் தொழிலாளரைப் பற்றி ஒரு சொல். மூடிய செயலியிலிருந்து வாடிக்கையாளரின் தரவை மீட்டுத் தரும் வேலை பெரும்பாலும் இளம் நிரலாளர் ஒருவரின் தலையிலே விழுகின்றது. ஏற்றுமதி வழி இல்லாதபோது அவர், சங்கத்தின் கணக்கினூடாகவே நுழைந்து, பக்கம் பக்கமாகத் திறந்து, ஒவ்வொரு வரியையும் பொறுக்கிச் சேர்க்கும் சிறு நிரலை எழுதுகிறார். இதைத் திருட்டென்று கம்பனிகள் தூற்றும். தன் வீட்டுப் பொருளைத் தன் திறப்பால் திறந்து எடுப்பது திருட்டாகாது. ஆயினும் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றி நுழைவதைத் தண்டிக்கின்றது. ஆகவே நிரலாளர் சங்கத்தின் எழுத்து மூல அதிகாரத்தைப் பெறுதல் வேண்டும். ஒப்பந்தத்தை வாசித்தல் வேண்டும். சங்கத்தின் சொந்தக் கணக்கினூடாக மட்டுமே செல்லல் வேண்டும். பிறர் தரவு கண்ணிற் பட்டாலும் தொடலாகாது. சேவையகம் திணறாதவாறு மெல்ல எடுத்தல் வேண்டும். முதலில் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு, மறுப்பையும் எழுத்திற் பெறுதல் நன்று.

எடுத்தது சரிதானா என்று பார்ப்பது எடுப்பதிலும் பெரிய வேலை. உறுப்பினர் தொகை ஒத்திருக்கிறதா? கடன் மீதியின் கூட்டுத்தொகை செயலி காட்டும் தொகையோடு சதம் பிசகாது பொருந்துகிறதா? அடையாள இலக்கங்களின் முன்னுள்ள பூச்சியங்கள் உதிர்ந்துவிட்டனவா? நாளும் மாதமும் இடம்மாறி, மூன்றாம் மாதம் நான்காம் நாள் நான்காம் மாதம் மூன்றாம் நாளாகிவிட்டதா? தமிழ்ப் பெயர்கள் எக்செல்லில் திறந்ததும் உருக்குலைந்து தோன்றினால், பெரும்பாலும் தரவு கெடவில்லை. குறியீட்டைத் தவறாக ஊகித்துத் திறந்ததே காரணம். இதை அறியாது பெயர்களையெல்லாம் ஆங்கிலத்தில் மாற்றித் தட்டச்சுச் செய்யும் அவலத்தைத் தமிழர் இனியும் பொறுத்துக்கொள்ளலாகாது.

மறுபுறத்தில், பூட்டைச் செய்பவரும் ஒரு கூலி நிரலாளரே. ஏற்றுமதிப் பொத்தானை வைக்காதே என்று மேலிடம் பணித்தது, அவர் வைக்கவில்லை. பூட்டுபவரும் திறப்பவரும் ஒரே வர்க்கத்தினர். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்திருக்கவும் கூடும். வாடிக்கையாளரின் ஏட்டைச் சிறைப்படுத்தும் நிரலை எழுதமாட்டோமென்று கணினித் தொழிலாளர் கூட்டாகச் சொல்லும் நாள் வரவேண்டும். மருத்துவனுக்கொரு தொழில் தருமம் உண்டெனில் இவர்களுக்கும் உண்டு.

மாற்று வழி உண்டா என ஐயுறுவோர்க்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2004இன் ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடிய சில வாரங்களுக்குள், இலங்கையின் தொண்டர் நிரலாளர்கள் ‘சகானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவதற்கான அது, எவரும் எடுத்து ஆளத்தக்க திறந்த மென்பொருளாக வெளிவந்தது. 2005இன் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இன் எயிற்றி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006இன் சமூகப் பயனுக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது. அழிவின் நடுவில், கூலி கேளாது, பூட்டுப் போடாது ஆக்கிய கைகள் இந்நாட்டுக் கைகளே. அண்டைக் கேரளத்திலே 2001இல் தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டம், கட்டற்ற மென்பொருளின்மேல் பல்லாயிரம் வகுப்பறைகளை நடத்திக் காட்டியது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் இறக்கிக்கொள்ளத்தக்கவாறு திறந்து வைத்திருக்கின்றது. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்ட சமுதாயம், ஒரே இடத்தில் ஒரே படியை வைப்பதன் ஆபத்தை உணர்ந்து செய்த பணி அது.

* * *

எனவே செய்யவேண்டியன தெளிவானவை. எந்தச் செயலியை ஏற்கும் முன்னும், சேர்வது எப்படி என்று கேட்பதற்குமுன் வெளியேறுவது எப்படி என்று கேட்போம். முழுத் தரவும், இணைப்பு இலக்கங்களோடும் இணைப்புப் படங்களோடும், பொதுவான திறந்த வடிவில், கட்டணமின்றித் தரப்படும் என்பதையும், சந்தா நின்ற பின்னரும் குறித்த காலம் வாயில் திறந்திருக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுவிப்போம். மாதந்தோறும் ஒரு படியை எடுத்து, திறந்து பார்த்து, ஒன்றைச் சங்கத்திலும் ஒன்றை வேறிடத்திலும் வைப்போம். இணையப் பெயரும் முதன்மைக் கணக்கும் சங்கத்தின் பேரிலேயே இருக்கும்படி செய்வோம். கிழக்கு மாகாண அலுவலகங்கள் அமைந்துள்ள இந்நகரில், பொதுப் பணத்தில் வாங்கப்படும் எந்தச் செயலிக்கும் இவற்றைக் கட்டாய நிபந்தனையாக்குமாறு ஆசிரியர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் குரலெழுப்புதல் வேண்டும். சட்டத்தில் எடுத்துச்செல்லும் உரிமை இடம்பெற வேண்டும். தனிமனிதருக்கு மட்டுமன்றிச் சங்கங்களுக்கும் அது கிடைத்தல் வேண்டும்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பின் புள்ளிப் பதிவை இன்று மாலையே வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். மாணவர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்திற்குச் சென்று காரியதரிசியிடம் கேளுங்கள்: “ஐயா, நமது ஏட்டின் படி நம்மிடம் இருக்கிறதா?” இல்லையென்றால், உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள். கணினிக் கல்வியின் பயன் கொழும்பில் உத்தியோகம் பெறுவதோடு முடிந்துவிடக் கூடாது.

கடற்படைத் தளத்தை மீட்க ஓர் அரசாங்கம் வேண்டியிருந்தது. ஏட்டை மீட்பதற்கு நூற்றைம்பது உறுப்பினரின் ஒரு பொதுக்கூட்டத் தீர்மானம் போதும். அடுத்த ஒப்பந்தம் கையொப்பத்திற்கு வரும்முன் அத்தீர்மானம் நிறைவேறட்டும்.